அத்வைதத்தின் அகரம்



திருவிடைமருதூரில் நின்றுகொண்டு அத்வைதம் என்ற சொல்லைப் பற்றிப் பேசுவது ஒரு வகையில் எளிது. கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆதிசங்கரர் இந்தத் தலத்துக்கு வந்தார். மகாலிங்கசுவாமி சந்நிதியில் நின்று, துவைதம் மெய்யா, அத்வைதம் மெய்யா என்று கேட்டார். லிங்கத்திலிருந்து ஒரு திருக்கரம் உயர்ந்தது. 'சத்தியம் அத்வைதம்' என்று மூன்று முறை குரல் எழுந்தது. சங்கர விஜய மரபில் வரும் இந்த நிகழ்ச்சியை இவ்வூர்ப் பிள்ளைகள் பாட்டி மடியிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

கதை தெரிந்துவிட்டதால் சொல்லும் தெரிந்துவிட்டது என்று நாம் இருந்துவிடுகிறோம். அங்கேதான் கடினம் தொடங்குகிறது. யாரைக் கேட்டாலும், "அத்வைதம்னா எல்லாம் ஒண்ணு, அவ்வளவுதானே" என்கிறார்கள். அந்தக் குரல் 'சத்தியம் ஏகம்' என்று சொல்லவில்லையே! ஒன்று என்று சொல்ல வடமொழியில் ஏகம் என்ற அழகான சொல் இருக்கிறது. வேதத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் வருகிறது. ஒன்று என்று சொல்ல நினைத்தவர் அதையே சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, இரண்டு என்ற சொல்லை எடுத்து, அதன் தலையில் ஒரு மறுப்பை ஏற்றி, 'அத்வைதம்' என்று சுற்றிவந்து சொல்வானேன்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'த்வி' என்றால் இரண்டு. இது நமக்கு அந்நியமான சொல் இல்லை. பஞ்சாங்கத்தில் பிரதமைக்கு அடுத்த திதி துவிதியை, இரண்டாவது நாள். தீவு என்கிறோமே, அதுவும் 'த்வீபம்' என்ற வடசொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு பக்கமும் நீர் உடையது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆக, பஞ்சாங்கம் பார்க்கிறவரும் படகில் போகிறவரும் இந்த 'த்வி'யை நாள்தோறும் நாவில் வைத்திருக்கிறார்கள்.

'த்வி'யிலிருந்து 'துவைதம்' எப்படி வந்தது? சங்கரருடைய நேர்ச் சீடர் சுரேசுவரர் பிருகதாரண்யக வார்த்திகம் என்ற பெருநூலில் இதற்கு விடை தருகிறார். இரண்டாகப் போனது 'த்வீதம்'. அப்படிப் போயிருக்கும் தன்மை 'த்வைதம்' என்கிறார். இங்கே இகரம் ஐகாரமாக நீண்டிருக்கிறது. சிவன் சைவமாவதும், விதேகம் வைதேகியாவதும், மிதிலை மைதிலியாவதும் இந்த விதியால்தான்.

இரண்டாகப் போவது என்றால் என்ன? நம் ஊர்த் தமிழில் அதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: இரண்டுபடுதல். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிறோம். அந்தப் பழமொழியில் ஊர்களின் எண்ணிக்கை இரண்டாகவில்லை. இருந்த ஓர் ஊர் பிளவுபட்டுக் கிடக்கிறது. துவைதம் என்பதும் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. பிளவுபட்ட நிலையைச் சொல்கிறது. காண்பவன் ஒருபுறம், காணப்படுவது ஒருபுறம். நான் இங்கே, உலகம் அங்கே. அந்தப் பிளவின் மேல் ஒரு மறுப்பு வைத்தால் அத்வைதம். இரண்டுபடாமை என்று தமிழில் சொல்லலாம். என் வரையில் 'ஒன்று' என்பதைவிட ஆயிரம் மடங்கு நேர்மையான தமிழாக்கம் அதுதான்.

உபநிடதங்களில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிருகதாரண்யகத்தின் நாலாம் அத்தியாயத்தில் யாக்ஞவல்கியர் ஜனகனுக்கு ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றி விளக்குகிறார். உறக்கத்தில் காண்பவன் இருக்கிறான். அவனிடமிருந்து பிரிந்து நிற்கும் இரண்டாவது பொருள்தான் இல்லை. அந்தக் காண்பவனை அங்கே 'அத்வைதன்' என்கிறது உபநிடதம். சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கும்போது 'அத்விதீயம்' என்கிறார், இரண்டாவது அற்றது. மாண்டூக்கியம் மிகச் சிறியது, பன்னிரண்டே மந்திரம். அதன் ஏழாம் மந்திரம், விழிப்பு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றையும் கடந்த நான்காவது நிலையைச் சொல்ல வருகிறது. அது இல்லை, இது இல்லை என்று மறுப்புச் சொற்களாகவே அடுக்கிக்கொண்டு போய், முடிவில் 'சிவம்' என்ற சொல்லை வைத்து, அதன் பக்கத்திலேயே 'அத்வைதம்' என்ற சொல்லையும் வைக்கிறது. மகாலிங்கத்தின் ஊரில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் ஒருமுறை வாசிக்க வேண்டும். சிவமும் அத்வைதமும் அடுத்தடுத்து நிற்பதற்கு அங்கே உபநிடதமே சான்று.

கௌடபாதர் மாண்டூக்கியத்துக்குக் காரிகை எழுதியபோது மூன்றாம் பிரகரணத்துக்கே அத்வைதப் பிரகரணம் என்று பெயர் வந்தது. அந்தக் காரிகைக்கு எழுதிய உரையில் சங்கரர் ஒரு பழைய கருத்தை எடுத்துக்காட்டுகிறார். வேதத்தின் சொல் பிரம்மத்தைச் சுட்டிக்காட்டுவதால் பிரமாணம் ஆகவில்லை. தவறான எண்ணத்தை விலக்குவதால் பிரமாணம் ஆகிறது என்பது அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அத்வைதம் என்ற சொல்லைப் பாருங்கள். ஒன்று என்று சொன்னால் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். எண்ணத் தொடங்கியவன் இரண்டுக்கும் போவான். ஒன்று என்று சொல்வதற்கு எதிரே நின்று எண்ணுகிற ஒருவனும் வேண்டும். இரண்டுபடவில்லை என்று மட்டும் சொன்னால் ஒரு தவறு விலகுகிறது. அதற்குமேல் புதிதாக எதுவும் மேலே ஏற்றப்படவில்லை. அத்வைதம் என்ற சொல் அடக்கமான சொல் என்று நான் நினைக்கிறேன். தன்னால் முடிந்ததை மட்டும் செய்துவிட்டு அது நின்றுவிடுகிறது.

வித்யாரண்யர் பஞ்சதசியில் இதை ஒரு மரத்தை வைத்து விளக்குவார். நாம் நம் தலவிருட்சமாகிய மருதையே வைத்துக்கொள்வோம். இடைமருது என்ற பெயரின் மருதும், மத்தியார்ச்சுனம் என்ற வடமொழிப் பெயரின் அர்ச்சுனமும் இந்த மரம்தானே. மருத மரத்துக்குள்ளேயே இலை வேறு, பூ வேறு, கிளை வேறு என்று ஒரு வேற்றுமை இருக்கிறது. அது சுவகத பேதம். இந்த மருதுக்கும் இன்னொரு மரத்துக்கும் உள்ள வேற்றுமை சஜாதீய பேதம். மருதுக்கும் அதன் அடியில் கிடக்கும் கல்லுக்கும் உள்ள வேற்றுமை விஜாதீய பேதம். உத்தாலகரின் உபதேசத்தில் வரும் 'ஏகம்', 'ஏவ', 'அத்விதீயம்' என்ற மூன்று சொற்கள் இந்த மூன்று பேதங்களையும் ஒவ்வொன்றாக மறுக்கின்றன என்பது வித்யாரண்யர் கணக்கு. 'அத்விதீயம்' மறுப்பது மூன்றாவதை.

இதுவரை 'த்வைதம்' என்ற பகுதியைப் பார்த்தோம். இனி முன்னால் நிற்கும் 'அ'வுக்கு வருகிறேன். உண்மையில் நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான்.

இதை வடமொழி இலக்கணத்தார் 'நஞ்' என்பார்கள். மறுப்பைக் குறிக்கும் 'ந' என்ற சொல் இன்னொரு சொல்லோடு தொகையாகும்போது அதன் மெய் விழுந்து 'அ' மட்டும் நிற்கும். உயிர் முன் வந்தால் 'அன்' ஆகும். பாணினி இதற்குச் சூத்திரம் செய்திருக்கிறார். ஆதி அநாதி ஆவதும் நியாயம் அநியாயம் ஆவதும் தனித்தனி வழி போலத் தெரியும். நியாயத்தில் நாம் தமிழ்ப் பேச்சுக்கு ஏற்ப ஓர் இகரத்தை நுழைத்துக்கொண்டோம். மற்றபடி நஞ் ஒன்றுதான். இந்த 'நஞ்' என்பதற்கு ஆறு பொருள் உண்டு என்பது வையாகரணர் மரபு: ஒப்புமை, இன்மை, வேறாதல், சிறுமை, இழிவு, மறுதலை. வயிறு இல்லாத பெண் என்று வடமொழியில் சொன்னால் இடை சிறுத்தவள் என்று பொருள். அங்கே 'அ' சிறுமையைச் சொல்கிறது.

தமிழில் தத்துவம் எழுதியவர்கள் ஆறையும் வைத்துக்கொள்ளவில்லை. இன்மை, அன்மை, மறுதலை என்ற மூன்றை எடுத்துக்கொண்டார்கள். அபயம் என்றால் பயம் இல்லாமை; இது இன்மை. அசைவம் என்றால் சைவம் அல்லாதது, இது அன்மை. அதர்மம் என்றால் தர்மத்துக்கு எதிரானது, இது மறுதலை. எழுத்து ஒன்று, வேலை மூன்று.

இங்கே தமிழின் ஒரு சிறப்பைச் சொல்லியே ஆகவேண்டும். வடமொழியில் ஒரே 'அ' செய்யும் வேலைகளில் இரண்டுக்கு நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. 'இங்கே மருத மரம் இல்லை' என்பது ஒன்று. 'இது மருத மரம் அன்று' என்பது வேறு. முதலாவது இருப்பை மறுக்கிறது; இரண்டாவது, இருக்கும் ஒரு பொருளை இன்னது அன்று என்று சொல்கிறது. இப்போது நாம் இரண்டு இடத்திலும் இல்லை என்றே பேசுகிறோம். அன்று, அல்ல என்பவை எழுத்தில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்த வேற்றுமையைக் கையில் வைத்திருந்ததால்தான் ஒரு தமிழ் ஞானி அத்வைதம் என்ற வடசொல்லுக்குள் யாரும் போகாத இடத்துக்குப் போனார்.

அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டார். சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்துக்குச் செய்த வார்த்திகத்தில் அத்துவிதம் என்ற சொல்லை அவர் நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறார். இந்தச் சொல்லுக்கு ஏகம் என்று பொருள் கொள்ளலாமா என்று கேட்டு, ஏகம் என்று சுட்டுகிறவன் ஒருவன் இருக்கிறானே, ஆகவே அந்தப் பொருள் பொருந்தாது, இந்தச் சொல் அந்நியமாக நிற்றலைத்தான் மறுக்கிறது என்கிறார். அதாவது, இரண்டு இல்லை என்று கொள்ளாமல், இரண்டு அன்று என்று கொள்கிறார். இறைவனும் உயிரும் பொருளால் இரண்டாகவே இருக்கலாம். ஆனால் இரண்டுபட்டு நிற்கவில்லை. இன்மைப் பொருளை விட்டு அன்மைப் பொருளை எடுத்தார். ஓர் எழுத்தின் பொருள் மாறியது. ஒரு தரிசனமே பிறந்தது. தாயுமானவர் மெய்கண்டாரைப் போற்றும்போது அத்துவிதத்தின் மெய்யைக் கண்டவர் என்றே போற்றுகிறார்.

உமாபதி சிவம் இதற்கு இலக்கணத்திலிருந்தே ஓர் உவமை எடுத்தார். தாள், தலை என்று இரண்டு சொல். சேர்த்துச் சொன்னால் தாடலை. ளகரமும் போயிற்று, தகரமும் போயிற்று, டகரம் வந்தது. இப்போது அது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? காதுக்கு ஒன்று, பொருளுக்கு இரண்டு. இறைவன் திருவடியும் உயிரின் தலையும் கூடும் கூட்டம் அப்படிப்பட்டது என்கிறார். புணர்ச்சி விதியை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன இன்னொரு இடத்தை நான் படித்ததில்லை. பள்ளியில் புணர்ச்சி இலக்கணம் நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் போதும், பிள்ளைகள் அந்தப் பாடத்தை மறக்கமாட்டார்கள்.

இந்த வாதங்களை எல்லாம் விரித்து எழுதிய பேருரை சிவஞான மாபாடியம். எழுதியவர் மாதவச் சிவஞான முனிவர். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு, 1785இல் மறைந்தவர். வடமொழி நியாயம், வியாகரணம், தமிழிலக்கணம் மூன்றிலும் அவருக்கு இருந்த ஆழம் அந்த உரையின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். திருவாவடுதுறை எவ்வளவு தூரம்? ஆடுதுறை தாண்டினால் வந்துவிடுகிறது. சங்கரருக்கு 'சத்தியம் அத்வைதம்' என்று அருளிய மகாலிங்கசுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. அகரத்துக்கு இன்மைப் பொருள் சொன்ன ஆசாரியரின் கதை நடக்கும் கோயிலை, அன்மைப் பொருள் சொல்லும் மடம் போற்றிப் பாதுகாக்கிறது. இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே அது அன்றாட வாழ்க்கை.

மேற்கே கும்பகோணத்துக்குப் போங்கள். அங்கே துவைதம் பேசும் மத்வ மரபின் மாமேதை விஜயீந்திர தீர்த்தரின் பிருந்தாவனம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் வாழ்ந்தவர். அவர் காலத்தில் அத்வைதத்தின் பக்கம் அப்பைய தீட்சிதர் நின்றார். மத்வர் அகரத்துக்கு மறுதலைப் பொருள் கொண்டார் என்று சைவ சித்தாந்த வகுப்புகளில் சொல்வது வழக்கம். மூன்று பொருளுக்கு மூன்று ஆசாரியர் என்று அட்டவணை போடுவதற்கு அது வசதியாக இருக்கிறது. ஆனால் மாத்வர்கள் தங்கள் தரிசனத்தைத் தத்துவவாதம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அத்வைதம் என்ற சொல்லின் மேல் தங்கள் கொள்கையைக் கட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. மத்வருடைய அகரம் வேறோர் இடத்தில் இருக்கிறது. உத்தாலகர் உபதேசத்தில் 'ஆத்மா' என்ற சொல்லை அடுத்து 'தத் த்வம் அஸி' என்ற புகழ்பெற்ற மகாவாக்கியம் வருகிறது. அந்தச் சந்தியில் ஓர் அகரம் மறைந்திருக்கிறது என்று பிரித்து, 'தத்' என்பதை 'அதத்' என்று படித்தார் மத்வர். 'நீ அது' என்பது 'நீ அது அல்லை' என்று ஆகிவிட்டது. சந்தி பிரிப்பதில் இலக்கணம் இடம் கொடுக்கிறது. கருத்து ஏற்புடையதா என்பது வேறு விவாதம்.

இராமானுஜர் மரபில் விசிஷ்டாத்வைதம் என்ற பெயரிலேயே இந்தச் சொல் நிற்கிறது. உயிரையும் உலகையும் உடலாகக் கொண்ட பரம்பொருளின் இரண்டுபடாமை என்று அவர்கள் பொருள் சொல்வார்கள். வல்லபர் சுத்தாத்வைதம் என்றார், நிம்பார்க்கர் மரபு துவைதாத்வைதம் என்றது. பாரதம் முழுவதும் எத்தனை ஆசாரியர்கள் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள் என்பதற்காக இவற்றைச் சொன்னேன்.

மேலைநாட்டார் நம் நூல்களை மொழிபெயர்க்கத் தொடங்கியபோது அத்வைதத்தை 'மோனிசம்' என்ற தங்கள் தத்துவச் சொல்லால் குறித்தவர்கள் பலர். ஒன்றே உண்டு என்ற கொள்கை என்பது அதன் பொருள். பின்னால் 'நான்-டூயலிசம்' என்ற ஆக்கம் நிலைபெற்றது. அந்த முன்னொட்டில் நம் நஞ் திரும்ப வந்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் கும்பகோணத்துக்கு வந்து வேதாந்தத்தின் பணி பற்றி உரையாற்றிய காலத்தில், இந்தச் சொல் உலகம் சுற்றத் தொடங்கியிருந்தது. மொழிபெயர்ப்பில் அந்த மறுப்பைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நம் தமிழ் அதை எப்போதோ காப்பாற்றி வைத்திருக்கிறது. ஓர் அடியார் இறைவனோடு சேர்ந்தார் என்பதை எப்படிச் சொல்கிறோம்? இரண்டறக் கலந்தார் என்கிறோம். ஒன்றாகக் கலந்தார் என்று சொல்வதில்லை. இரண்டு, அற. ஒரு மறுப்பைத்தான் சொல்கிறோம். காவிரிக்கு அக்கரையில் திருவிசநல்லூரில் ஸ்ரீதர ஐயாவாள் வாழ்ந்தார். அந்த ஊரை 1693இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகஜி பண்டிதர்களுக்கு வழங்கினார். ஐயாவாள் நாள்தோறும் காவிரியைக் கடந்து மகாலிங்கத்தைத் தரிசிக்க வருவார். வடமொழியில் பெரும் புலமை, அத்வைதத்தில் தெளிவு, ஆனால் நாள் தவறாத தரிசனம், ஓயாத நாமஜபம். அத்வைதி எதற்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று என்னிடம் இளைஞர்கள் கேட்பதுண்டு. ஐயாவாளுக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. முடிவில் அவர் இந்த மகாலிங்கத்திலேயே இரண்டறக் கலந்தார் என்பது இவ்வூர் மரபு. இதைச் சொல்லும்போது வேதாந்தியும் சித்தாந்தியும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் எந்தப் பொருள் சரி என்று நீங்கள் கேட்பீர்கள். இன்மையா, அன்மையா? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். மாண்டூக்கிய மந்திரம் நடக்கும் நடையைப் பார்த்தால், அடுக்கடுக்கான மறுப்புகளுக்கு நடுவே வரும் அந்தச் சொல்லுக்குச் சங்கரர் கொண்ட பொருளே இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் கோயிலில் கைகூப்பி நிற்கும் ஒருவனுடைய அனுபவத்தைச் சொல்வதற்கு மெய்கண்டார் கண்ட பொருளைவிட நுட்பமான ஒன்றை நான் அறியேன். இரண்டில் எதைக் கொண்டாலும் 'அத்வைதம்னா எல்லாம் ஒண்ணு' என்ற பேச்சு நிற்காது. இரண்டு ஆசாரியர்களும் அந்த அகரத்தின் மேல் எவ்வளவு கவனம் வைத்தார்கள்! நாம் அதை ஒரு மூச்சில் விழுங்கிவிட்டு, சொல் தெரியும் என்கிறோம்.

பாடசாலைகளில் பாஷ்யம் படிக்கிற பிள்ளைகள் மாபாடியத்தைத் தொடுவதில்லை. சித்தாந்தம் பயில்கிறவர்கள் சங்கரரை அவருடைய உரையில் படிக்காமல், மறுப்பு நூல்களில் மட்டும் படிக்கிறார்கள். ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்லும் சுருக்கத்தையே நம்புகிறோம். சிவஞான முனிவர் அப்படிச் செய்யவில்லை. எதிர்த்தரப்பை அவர்கள் மொழியிலேயே கற்றுத்தான் மறுத்தார். அந்த உழைப்பை நாம் கைவிட்டுவிடக் கூடாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாண்டூக்கியத்தில் மந்திரம் பன்னிரண்டு. சிவஞானபோதத்தில் சூத்திரம் பன்னிரண்டு. மாதம் ஒரு மந்திரம், அதோடு ஒரு சூத்திரம் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஆண்டில் இரண்டும் முடியும். மந்திரத்தைச் சங்கரர் உரையோடும், சூத்திரத்தைச் சிவஞான முனிவர் உரையோடும் படியுங்கள். தெரிந்தவரை வைத்துக்கொண்டு நாலைந்து பேராகச் சேர்ந்து படியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வரும் தைப்பூசத்துக்குத் தொடங்கினால் அடுத்த தைப்பூசத்துக்குள் முடித்துவிடலாம்.